என் பெயரில் எடுத்த கர்ப்பப்பை

சூலூர்
11.3.2024

மோகனப்பிரியா அம்மணிக்கு அன்புச்செல்வி எழுதுவது.

கையெழுத்தைப் பார்த்ததுமே ஆள் யாரென்று தெரிந்திருக்கும். ஏழாவது படிக்கும்போது உங்கள் கட்டுரை நோட்டை எழுதித் தந்த கை இது. போனில் கூப்பிடலாம் என்றால் உங்கள் வீட்டுக்காரர் என் நம்பரை அடைத்துப் போட்டு ஒரு வருஷம் ஆகிறது. வீட்டு முகவரிக்கு எழுதினால் அவர் கையில்தான் விழும். அதனால்தான் வால்பாறையில் நீங்கள் வேலை பார்க்கும் பள்ளிக்கூட ஆபீசுக்கே எழுதுகிறேன்.

எனக்கு மூன்று மாதமாக உதிரப்போக்கு நிற்கவில்லை. தறிக்குடோனில் கூட வேலை செய்யும் ரங்கநாயகி அக்கா, “நாப்பத்தொண்ணு ஆச்சல்லோ கண்ணு, நிக்கற வயசுதான்” என்றார். நானும் அப்படியே நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். போன மாதம் நாற்றம் வர ஆரம்பித்தது. அதோடு அந்த நினைப்பு போய்விட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதானே என்பீர்கள். எந்த வாயை வைத்துக்கொண்டு போவேன்? என் பெயரில் கர்ப்பப்பையை எடுத்து ரெண்டு வருஷம் ஆகப் போகிறதே.

நீங்கள் மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். 2022 ஆகஸ்ட். உங்களுக்கு வயிற்றில் கட்டி. உங்கள் தேங்காய் நார் மில்லை மூடி நீங்கள் நொடித்துப் போயிருந்த நேரம். பொள்ளாச்சி கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் அன்றைக்கே படுக்கை கொடுத்திருப்பார்கள். உங்கள் மாமியார் நாச்சியம்மாள் என் முன்னாலேயே சொன்னார்: “எங்கூட்டு மருமக தருமாஸ்பத்திரியில போயிப் படுத்தா நாலு சனம் என்ன பேசும்?” அதனால் உங்கள் வீட்டுக்காரர் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆளைப் பிடித்தார். ஏழைகளுக்கு அரசாங்கம் தரும் காப்பீட்டு அட்டை இருந்தால் போதும், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அந்த ஆள் சொன்னான். உங்களிடம் அட்டை இல்லை. என்னிடம் இருந்தது.

நான் வந்து ரேகை வைத்தேன். போட்டோவுக்கு உட்கார்ந்தேன். அப்புறம் வாசலில் உட்கார்ந்து பன் தின்றேன். உள்ளே அன்புச்செல்வி என்று எழுதின கட்டிலில் நீங்கள் படுத்திருந்தீர்கள். என் மகள் யுவஸ்ரீ பிறந்தபோது எனக்கு ரத்தம் கொடுத்தது நீங்கள். அதை நினைத்துத்தான் வந்தேன், வேறு எதற்காகவும் இல்லை.

ஐந்து மாதம் கழித்துக் காப்பீட்டு ஆபீசிலிருந்து விசாரணைக்கு ஆட்கள் வந்தார்கள். கூட ஒரு டாக்டரம்மா. “ஆபரேசன் பண்ணுன தழும்பக் காட்டுங்க” என்றார். யுவஸ்ரீக்காக வயிற்றைக் கிழித்த தழும்பைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். கீழே கையெழுத்தும் போட்டேன்.

அதற்கப்புறம் வீடு வீடாக வருகிற நர்ஸ் ரிஃபானா, முப்பது வயதைத் தாண்டின பெண்களுக்கெல்லாம் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை என்று சீட்டு எழுதினார். “உங்களுக்கு எடுத்தாச்சுன்னு இருக்குதே, அப்படிங்களாக்கா?” என்று கேட்டார். “எடுத்தாச்சுங்க” என்றேன். போன வருஷமும் கேட்டார், இந்த வருஷமும் கேட்டார். ரெண்டு தடவையும் அதையே சொன்னேன்.

இப்போது நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்கள்.

அன்புச்செல்வி


வால்பாறை
19.3.2024

அன்பு,

உன் கடிதத்தை ஆபீஸ் பியூன் எல்லார் முன்னாலும் கொண்டுவந்து கொடுத்தார். இனி எழுதினால் உறையின்மேல் அனுப்புநர் லட்சுமியம்மாள் என்று போடு. எனக்குப் பெரியம்மா முறை என்று இங்கே சொல்லி வைத்திருக்கிறேன்.

வீணாகப் பயப்படாதே. எனக்கும் இப்படித்தான் இருந்தது. கடைசியில் சாதாரணக் கட்டி. உனக்கும் அப்படித்தான் இருக்கும்.

ஆனால் ஒன்று. அந்த ஆஸ்பத்திரியில் மறுபடியும் விசாரணை தொடங்கிவிட்டதாம். ஆள் மாற்றி ஆபரேஷன் செய்த பட்டியலைத் தோண்டுகிறார்களாம். இவருக்கு ராத்திரி தூக்கமே இல்லை. ஏதாவது வண்டி இவர் வேலை பார்க்கும் லாட்ஜ் வாசலில் நின்றால் எழுந்து போய்ப் பார்க்கிறார். இந்த மேனேஜர் வேலையும் போய்விட்டால் எங்களுக்குப் போக்கிடம் கிடையாது. நீ இப்போது எந்தக் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் போய் நின்றாலும் அவர்கள் கம்ப்யூட்டரில் உன் பெயரைத் தட்டுவார்கள். எடுத்த கர்ப்பப்பை எப்படித் திரும்ப வந்தது என்று கேட்பார்கள். ரேகை உன்னுடையது அன்பு, என்னுடையது இல்லை. அதையும் யோசித்துக்கொள்.

கொஞ்சம் பொறு. பள்ளிக்கூடம் லீவு விடட்டும்.

மோகனா


சூலூர்
2.4.2024

மோகனா அம்மணிக்கு,

உறையின்மேல் லட்சுமியம்மாள், உள்ளே அன்புச்செல்வி. எனக்கு இதெல்லாம் பழகிவிட்டது.

ரேகை என்னுடையது என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். வயிறும் என்னுடையதுதான். நீங்கள் பொறு என்று எழுதினால் அது கேட்டுக்கொள்கிறதா என்ன? போன வாரம் குடோனில் சேலை நனைந்து, பாவு சுற்றின பீம் மறைவில் அரை மணி நேரம் நின்றேன். ரங்கநாயகி அக்கா தன் துண்டைக் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்காததுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். என் வீட்டுக்காரர் மாசாணத்திடம் சளி என்று சொல்லிவிட்டுப் போனேன். டோக்கன் இருபத்தேழு. எதிரே சுவரில் ஒரு பெரிய பலகை. சும்மா உட்கார்ந்திருக்கிறோமே என்று படித்தேன். சாதி, மதம், வருமானம் எதையும் பாராமல், தேவைப்படுகிற எவருக்கும் சிகிச்சை உண்டு என்று போட்டிருந்தது. கட்டணம் எதுவும் இல்லை. உங்கள் விவரங்கள் ரகசியமாக வைக்கப்படும். குறை இருந்தால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. படிக்கப் படிக்க எனக்கு மனசு லேசாகிக்கொண்டே வந்தது. டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றே முடிவு செய்துவிட்டேன்.

கடைசி வரிக்கு வந்தேன். நோயாளி தன்னைப் பற்றிய உண்மையான விவரங்களைத் தருவது அவரது கடமை என்று இருந்தது.

இருபத்தைந்து, இருபத்தாறு என்று கூப்பிடும்போதே எழுந்து வெளியே வந்துவிட்டேன். கேட்டருகில் ரிஃபானா நின்றுகொண்டிருந்தார். “என்னக்கா, காட்டாமயே போறீங்க?” என்றார். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். “தருமாஸ்பத்திரியில கூட்டம் சாஸ்திங்க” என்றேன்.

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “இதுல தருமம் எங்கக்கா வந்துச்சு? நீங்க தீப்பெட்டி வாங்குனாக்கூட வரி கட்டறீங்க. அந்தக் காசுலதான் இந்தக் கட்டடம், என்ற சம்பளம், உள்ள இருக்கற மருந்து எல்லாம். நாளைக்கு வேற யாருக்கோ ஆகறதுக்கு இன்னைக்கு நீங்க குடுக்கறீங்க. உங்களுக்கு ஆகறப்ப வாங்கிக்கறதுக்கு என்ன வெக்கம்?” என்றார். நான் பஸ் வருகிறது என்று ஓடி வந்துவிட்டேன். உண்மையில் பஸ் எதுவும் வரவில்லை.

ரிஃபானா சொன்னதை உங்கள் மாமியார் அன்றைக்குக் கேட்டிருந்தால் நாம் ரெண்டு பேரும் இப்படித் திருடர்கள் மாதிரிக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டோம்.

எனக்கு ஜெயில் பயம்தான். அதைவிட, யுவஸ்ரீ பிளஸ் டூ முடித்து நர்ஸிங் படிக்க வேண்டும் என்கிறாள். கேஸ் என்று வந்தால் அவளைச் சேர்ப்பார்களா என்று யாரைக் கேட்பேன்?

அன்புச்செல்வி


வால்பாறை
9.4.2024

அன்பு,

நான் எழுதியது தப்பு. ரேகையைப் பற்றி எழுதியிருக்கக் கூடாது. அந்த வரியை இவர் சொல்லிச் சொல்லி என் வாயிலும் வந்துவிட்டது.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். என் ஆதார் நகலை இதோடு வைத்திருக்கிறேன். கோயமுத்தூரில் சின்ன கிளினிக் எதற்காவது போய் என் பெயரில் காட்டு. நகலில் முகம் சரியாகத் தெரியாது. காப்பீடு கேட்க மாட்டார்கள். நீ என் பெயரில் போனால் உன் கர்ப்பப்பையைப் பற்றி எந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாது. நான் உன் பெயரில் போனேன் அல்லவா, நீ என் பெயரில் போ. சரிக்குச் சரி.

பயப்படாமல் போய்விட்டு வா கண்ணு. என்னவென்று தெரிந்துகொண்டால் போதும்.

மோகனா


சூலூர்
24.4.2024

மோகனா அம்மணிக்கு,

திங்கட்கிழமை போனேன். நர்ஸ் “மோகனப்பிரியா” என்று மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் அது நான் என்று உறைத்தது. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

டாக்டரம்மா வயதானவர். பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார். “இத்தன நாள் எங்கம்மா இருந்தீங்க? உங்கூருல பரிசோதனைக்குக் கூப்பிடலயா?” என்று கேட்டார். கூப்பிட்டார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. உள்ளே இருந்து கொஞ்சம் சதை எடுத்து அனுப்பியிருக்கிறார். பத்து நாளாகும் என்றார்.

ஒரு தப்பு செய்துபோட்டேன். கவுண்டரில் போன் நம்பர் கேட்டார்கள். என் நம்பரைக் கொடுத்தால் ஆள் வேறு என்று தெரிந்துவிடுமோ என்று அதைக் கொடுக்கவில்லை. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த உங்கள் வீட்டு நம்பர் ஒன்றுதான், நார் மில் இருந்த காலத்திலிருந்து தெரியும். அதைச் சொல்லிவிட்டேன். வெளியே வந்து பஸ் ஏறின பிறகுதான் அது உங்கள் வீட்டுக்காரர் நம்பர் என்று ஞாபகம் வந்தது. திரும்பிப் போய் மாற்றச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அவர் போனைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புச்செல்வி


வால்பாறை
5.5.2024

அன்பு,

இதை எப்படி எழுதுவது என்று ரெண்டு நாளாகத் தாளை எடுத்து எடுத்து வைக்கிறேன். நேராகவே எழுதிவிடுகிறேன். உனக்குப் புற்றுநோய். கர்ப்பப்பை வாயில். இன்னும் வெளியே பரவவில்லை என்றுதான் தெரிகிறது, ஆனால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள்.

அந்த ரிப்போர்ட் முதலில் இவர் போனுக்குத்தான் வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது இவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பார்த்து யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார் அன்பு. பத்தொன்பது வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. என் பெயரையும் புற்றுநோய் என்பதையும் பார்த்தவருக்கு, எனக்குத்தான் கர்ப்பப்பையை எடுத்தாச்சே என்று யோசிக்கத் தோன்றவில்லை. “எங்கிட்டச் சொல்லாமயே போயிக் காட்டிட்டு வந்திருக்கறயே அம்மணி. நா இருக்கறனல்லோ. ஊட்டுல மிச்சமிருக்கறத வித்தாவது பாத்துக்கலாம். எங்க கூட்டிட்டுப் போகோணுமோ அங்க கூட்டிட்டுப் போறேன்” என்றார். நாளைக்கே கிளம்பலாம் என்று பையை எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டார்.

எனக்குத் தாங்கவில்லை. “அது நான் இல்லீங்க. அன்பு என் பேருல போனா” என்று சொன்னேன்.

அவர் “அப்பாடா” என்றார். பையில் வைத்த சட்டையை எடுத்துத் திரும்ப மாட்டினார். டீ போடச் சொன்னார். நானும் போட்டேன். அடுப்பு முன்னால் நின்றபோதுதான் அந்த அப்பாடாவின் அர்த்தம் எனக்கு முழுசாகப் புரிந்தது. டீ குடித்து முடித்துவிட்டு, அந்த ரிப்போர்ட்டை அழித்துவிடு, நம் பெயர் எங்கேயும் வரக் கூடாது என்றார்.

அழிக்கவில்லை. ஆபீஸில் அச்சடித்து இதோடு வைத்திருக்கிறேன். என் பெயரை மறந்துவிட்டுப் படி. மற்றதெல்லாம் உன்னுடையதுதான்.

போ அன்பு. கவர்மெண்ட் பெரியாஸ்பத்திரிக்குப் போ. உன் பெயரிலேயே போ.

மோகனா


சூலூர்
11.5.2024

மோகனா அம்மணிக்கு,

அந்த அப்பாடா உங்களுக்குத்தான் புதுசு. நாங்கள் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். உங்கள் தோட்டத்தில் மோட்டார் ரூமில் ஷாக் அடித்தது எங்கள் அப்பாவுக்கு என்று தெரிந்தபோதும் உங்கள் வீட்டில் அதைத்தான் சொன்னார்கள். உங்கள் மேல் கோபத்தில் எழுதவில்லை. நீங்கள் கேட்டுவிட்டீர்களே என்றுதான் எழுதுகிறேன்.

மாசாணத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். லோடு ஆட்டோ சாவியை எடுத்துக்கொண்டு “ஏறு, போலாம்” என்றார். நான்தான் ஏறவில்லை. அந்தப் பலகையின் கடைசி வரி கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. உண்மையைச் சொன்னால் கேஸ். சொல்லாவிட்டால் இல்லாத கர்ப்பப்பையில் எப்படிப் புற்றுநோய் என்பார்கள். எப்படிப் போனாலும் இடிக்கிறது.

எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது. போலீஸ் வந்து யுவஸ்ரீ முன்னால் கூட்டிக்கொண்டு போவார்களோ என்று அதைவிடப் பயமாக இருக்கிறது. ரெண்டு பயத்துக்கும் நடுவில் தினமும் குடோனுக்குப் போய்த் தறி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வேறு ஒன்றும் செய்ய முடியவில்லை.

அன்புச்செல்வி


வால்பாறை
15.5.2024

அன்பு,

இது உன் கையில் கிடைத்த அன்றே மாசாணத்திடம் காட்டு.

அடுத்த வாரம் வியாழன், 23ஆம் தேதி, முதல் பஸ்ஸில் இறங்குகிறேன். பத்து மணிக்குக் கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரி வாசலில் நில். உன் அட்டை, உன் ஆதார், அந்த ரிப்போர்ட், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வா.

நான் ஒரு காகிதம் எழுதி வைத்திருக்கிறேன். ‘2022 ஆகஸ்டில் அன்புச்செல்வியின் அட்டையில் கர்ப்பப்பை எடுத்துக்கொண்டது நான். அவருக்கு எடுக்கவில்லை. அவரைக் கேட்டு வரவழைத்தது நாங்கள். என் தழும்பைப் பார்த்துக்கொள்ளலாம்.’ இவ்வளவுதான். நாலு தடவை எழுதிக் கிழித்தேன். முதல் மூன்றிலும் என்னை அறியாமல் உன் மேலும் கொஞ்சம் பழியைப் போட்டிருந்தேன்.

இவர் “இறங்குனயின்னா மறுபடியும் மேல வராதே” என்கிறார். ஆகவே பெட்டியோடுதான் வருகிறேன். பொள்ளாச்சியில் அப்பா வீட்டில் இருப்பேன். எழுத்து கோணியிருந்தால் பொறுத்துக்கொள்.

நீ வராமல் இருந்துவிடாதே அன்பு. நீ வராவிட்டாலும் நான் அந்தக் காகிதத்தைக் கொடுத்துவிடுவேன். வந்தால் ரெண்டு பேராக நிற்கலாம்.

மோகனா


பெரியாஸ்பத்திரி, கோயமுத்தூர்
2.6.2024

மோகனா,

படிக்கிற காலத்தில் பள்ளிக்கூடத்துக் கேட்டுக்கு உள்ளே மட்டும்தான் உன்னை இப்படிக் கூப்பிடுவேன். வெளியே வந்தால் அம்மணி. நீ கொடுத்த காகிதத்துக்கு அப்புறம் எனக்கு அம்மணி என்று எழுத வரவில்லை.

நீ பார்க்காததையும், நீ ஊருக்குப் போன பிறகு நடந்ததையும் எழுதுகிறேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதி மாசாணத்திடம் பொள்ளாச்சிக்கே கொடுத்தனுப்புகிறேன். அன்றைக்கு நீ உன் காகிதத்தைக் கொடுக்க அதிகாரி அறைக்குள் போயிருந்த நேரம், என்னை உள்ளே கூப்பிட்டார்கள். சின்ன வயது டாக்டர், யாகூப் என்று சட்டையில் இருந்தது. நான் உட்காராமலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். அட்டை, ரேகை, தழும்பு, எடுத்தாச்சுங்க என்று ரெண்டு தடவை சொன்ன பொய். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். நான் முடித்ததும், “அத விசாரிக்கறவங்க விசாரிப்பாங்கம்மா. நா கேக்கறது ஒண்ணுதான். எத்தன மாசமா ரத்தம் போவுது?” என்றார்.

மோகனா, அவ்வளவுதான் கேட்டார்கள். அதைக் கேட்க அவர்கள் அங்கே உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். நான் ஆறு மாதமாகத் தறி மறைவில் நின்றுகொண்டிருந்தேன்.

ஸ்கேன் எல்லாம் முடிந்தது. கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் கத்தி படாமல் பார்த்திருக்கலாம் என்றார்கள். இப்போது ஆபரேஷன்தான். பரவியிருக்கிறதா இல்லையா என்பது திறந்து பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியுமாம். அதனால் இப்போது ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். மற்றவர்கள் மாதிரி பரவாயில்லை என்று சொல்லாதது எனக்குப் பிடித்திருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

விசாரணைக்கு வருகிறவர்கள் அடுத்த வாரம் வருவார்களாம். கட்டிலிலேயே வாக்குமூலம் வாங்குவார்கள். என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. ரிஃபானா வந்திருந்தார். “எங்கிட்டயே பொய் சொல்லிப்போட்டீங்களேக்கா” என்று சண்டை போட்டுவிட்டுச் சாத்துக்குடி வைத்துவிட்டுப் போனார். யுவஸ்ரீக்கும் எல்லாம் தெரியும். கட்டில்மேல் உட்கார்ந்து என் தழும்பைத் தொட்டுப் பார்த்தாள். “இதக் காட்டியாம்மா பொய் சொன்ன?” என்று மட்டும் கேட்டாள்.

வார்டு நிறைய ஆட்கள். ஒரே மாதிரிப் பச்சைப் போர்வை. எனக்கு அந்தப் பக்கம் இருப்பவர் காரில் வந்து இறங்கினவர், இந்தப் பக்கம் இருப்பவர் ஈச்சனாரியில் பூக் கட்டுகிறவர். ரெண்டு பேருக்கும் ஒரே ட்ரேயில்தான் மாத்திரை வருகிறது. நீ அன்றைக்கு இப்படி ஒரு கட்டிலில் வந்து படுத்திருந்தால் உன்னை யாரும் அட்டை கேட்டிருக்க மாட்டார்கள். இதைக் குத்திக் காட்டுவதற்காக எழுதவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

நாளைக் காலை ஏழரைக்கு என்னை உள்ளே கொண்டுபோகிறார்கள். பழைய தழும்பின் மேலேயே வெட்டுவார்களாம். கட்டில் தலைமாட்டில் சீட்டு மாட்டியிருக்கிறார்கள். அன்புச்செல்வி, வயது 41, கர்ப்பப்பை அகற்றுதல். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காகிதத்தில் எழுதினார்களே, அதே பெயர், அதே ஆபரேஷன்.

அன்றைக்கு எழுதினது பொய். நாளைக்கு அது நிஜமாகிவிடும். பயமாக இருக்கிறது மோகனா. ஏழரைக்குள் வந்துவிடு.

அன்பு